எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஐப்பசி, கார்த்திகையில் என்ன பாடம்? வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

வீட்டில் எல்.கே.ஜி.யோ யு.கே.ஜி.யோ படிக்கிற பிள்ளை இருந்தால், காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் டைரியில் ஒரு தாள் ஒட்டி வரும். இல்லையென்றால் வாட்ஸ்அப் குழுவில் படமாக வரும். டிசம்பர் வரைக்கும் வகுப்பில் என்னென்ன நடத்தப் போகிறார்கள் என்ற பட்டியல் அது. என் பேரனுக்கு வந்த தாளில் தமிழில் உயிரெழுத்துகள், ஆங்கிலத்தில் சின்ன எழுத்துகள், ஐம்பது வரை எண்கள், வடிவங்கள், பருவ காலங்கள், வாகனங்கள், நமக்கு உதவுகிறவர்கள், கொஞ்சம் ரைம்ஸ், நவம்பர் 14க்கு மாறுவேடப் போட்டி என்று இருந்தது.

இதைப் பார்த்ததும் பல வீடுகளில் முதல் வேலையாக நாலு கோடு நோட்டு இரண்டு கூடுதலாக வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம். எழுத வைப்பதைப் பள்ளியே போதுமான அளவு, சில இடங்களில் போதும் போதும் என்கிற அளவு, செய்கிறது. பள்ளியால் செய்ய முடியாதது வேறு. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால், ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் மாவு கொடுத்துப் பிசையச் சொல்ல முடியாது, ஒவ்வொருவரும் சொல்லும் கதையைக் கடைசி வரை கேட்க முடியாது. அதை வீட்டில்தான் செய்ய முடியும்.

கடலூரில் மீனவர் குடியிருப்பு ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அதற்கு முன்னாலும் நாங்கள் இதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தோம், மணலும் புளியங்கொட்டையும் வைத்து. அதனால் இந்தத் தாளைப் பார்த்தால் எனக்கு மிரட்சி வருவதில்லை.

முதலில் கையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சண்டை முழுக்க அங்கேதான். பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. நான்கு வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அதில் ஏறக்குறைய பாதிதான் எலும்பாகத் தெரியும். மற்றவை இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தை எழுதச் சொன்னால் வலிக்கும். "சோம்பேறி, எழுதவே மாட்டேங்கிறான்" என்று என் மருமகள் சொன்னபோது, "அவன் கையை நீட்டச் சொல்லிப் பாரும்மா" என்றேன். சுண்டுவிரல் பக்கம் சிவந்து போயிருந்தது.

எழுதுவதற்கு வேண்டிய பலம் எழுதித்தான் வரும் என்றில்லை. வேர்க்கடலை அவித்தால் உரிக்கிற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்தும் அந்த வேலைதான் நாளைக்கு பென்சிலைப் பிடிக்கப் போகிறது. மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் துணி காயப் போடுகிறோம். பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கயிறு கட்டி, கைக்குட்டை, சாக்ஸ் எல்லாவற்றுக்கும் கிளிப் மாட்டுவது அவன் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். சப்பாத்தி மாவு பிசைவது, தீபாவளிக்கு ரவா லட்டு உருட்டுவது எல்லாம் இதே கணக்குதான். உருண்டை கோணலாக வரும், பரவாயில்லை, சாப்பிடப் போவது நாம்தானே.

எல்லாவற்றையும்விட நல்லது கோலம். கோலமாவை எடுக்கும்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள். பென்சில் பிடிக்கச் சொல்லி டீச்சர் காட்டுவதும் அதே மூன்று விரல்தான். வாசல் ஈரமாக இருந்தால் கூடத்திலேயே பழைய செய்தித்தாளை விரித்து நாலு புள்ளி வைத்துக் கொடுங்கள். மாவு சிந்தத்தான் செய்யும். பெருக்கும் வேலையையும் அவனிடமே கொடுத்தால் அதுவும் கைக்கு நல்லது. ஆண் பிள்ளைக்குக் கோலமா என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

பென்சில் வாங்கினால் தடியான முக்கோணப் பென்சில் வாங்குங்கள். கிரேயான் உடைந்து போனால் தூக்கிப் போடாதீர்கள். நீளமான கிரேயானைப் பிள்ளை முழுக் கையால் பிடிக்கும். ஒரு அங்குலத் துண்டைக் கொடுத்தால் விரல் நுனியால்தான் பிடிக்க முடியும், வேறு வழியே இல்லை. சிலேட்டில் எழுதச் சின்னச் சாக்பீஸ் துண்டும் அப்படித்தான். பல்பம் கொடுத்தால் ஒரு கண் வைத்திருங்கள், தின்றுவிடும்.

வகுப்பில் ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லாண்டிங் லைன் என்று கோடுகளைத்தான் முதலில் பழக்குகிறார்கள். இதையே வீட்டில் சிமெண்ட் தரையில், விரலைத் தண்ணீரில் தொட்டுப் போடச் சொல்லலாம். காய்ந்ததும் தானாக அழிந்துவிடும், ரப்பர் வேண்டாம். 'தப்பு' என்று யாரும் சொல்ல முடியாத நோட்டு அது. வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் மணலில் ஒரு ஆள் உயரத்துக்கு ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். தோளிலிருந்து கை முழுவதும் அசையட்டும். ஆனால் இந்த மாதங்களில் அலை சொல்லாமல் ஏறும், காய்ந்த மணலோடு நின்றுகொள்ளுங்கள்.

மூன்றைத் திருப்பிப் போடுவது, ஆங்கிலத்தில் சின்ன b-யையும் d-யையும் மாற்றி எழுதுவது எல்லாம் இந்த வயதில் சாதாரணம். ஆறேழு வயது வரைக்கும் வரும். தலையில் குட்டித் திருத்த வேண்டிய விஷயம் இல்லை. இடது கையால் எழுதினால் எழுதட்டும். சோற்றுக் கை எது என்று காட்டிக்கொடுக்கலாம், எழுதும் கையை மாற்றக் கூடாது.

தமிழ் எழுத்து விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பள்ளியில் அகர வரிசைப்படி அ, ஆ, இ என்று தொடங்குவார்கள். சொல்வதற்கு அது நல்ல வரிசை. எழுதுவதற்கு அதைவிடச் சிரமமான தொடக்கம் கிடையாது. 'அ'வில் சுழி இருக்கிறது, வளைவு இருக்கிறது, கடைசியில் ஒரு நேர்கோடும் இருக்கிறது. 'இ' இன்னும் மோசம், பாதிப் பிள்ளைகள் அதில்தான் அழும். இரண்டே கோட்டில் 'ட' வந்துவிடும். அதோடு இன்னொரு கோடு சேர்த்தால் 'ப'. அப்புறம் 'ம'. இந்த மூன்றும் தெரிந்தால் 'படம்', 'பட்டம்', 'மடம்' எல்லாம் பிள்ளையே படிக்கும், 'ம'வுக்கும் 'ட'வுக்கும் மேலே புள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். நோட்டில் பள்ளி வரிசை நடக்கட்டும், வீட்டுச் சிலேட்டில் 'ட'வில் தொடங்குங்கள். 247 எழுத்தும் இந்த வருஷமே வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆங்கிலத்துக்கு இப்போது ஃபோனிக்ஸ் என்று நடத்துகிறார்கள். எழுத்தின் பெயரைச் சொல்லாமல் அதன் ஒலியைச் சொல்வது. இதில் பெற்றோர் குழம்புகிற இடம், ஒலியைச் சொல்லும்போது 'பா', 'டா', 'மா' என்று உயிரைச் சேர்த்துவிடுவது. அப்படிச் சொன்னால் சேர்த்துப் படிக்கும்போது 'பாட்டா' என்று வரும். தமிழ் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். ப், ட், ம் என்று புள்ளி வைத்த எழுத்தாகவே சொல்லுங்கள். வகுப்பிலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

அடுத்தது பருவ காலங்கள். சுவரில் மாட்டுகிற சார்ட்டில் நாலு கட்டம் போட்டு வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று இருக்கும். இலையுதிர் கட்டத்தில் சிவப்பு இலைகள் பறக்கும், குளிர்காலத்தில் பனிப் பொம்மை நிற்கும். அதே நேரம் வெளியே நம் தெருவில் முழங்கால் தண்ணீர். பிள்ளை எதை நம்பும்?

சார்ட்டில் உள்ளதும் பொய் இல்லை, அது வேறு ஊர் என்று சொல்லிவிட்டு, நம் ஊரை ஜன்னலில் காட்டுங்கள். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும், இப்போது கடல் பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு பழைய ரிப்பனைக் கட்டித் தொங்கவிட்டால் எந்தப் பக்கம் பறக்கிறது என்று அவனே சொல்வான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் வருஷத்து மழையில் பெரும் பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டுகிறது. இலை கொட்டுவதைக் காட்ட வேண்டுமென்றால் மாசி, பங்குனி வரை பொறுத்திருங்கள், வேப்ப மரம் அப்போதுதான் கொட்டும். சிவப்பு இலையே வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் நாட்டு வாதுமை மரத்தைத் தேடுங்கள், நாம் பாதாம் மரம் என்கிறோமே, அது. நம் பக்கத்தில் சார்ட்டில் இருப்பது மாதிரி செக்கச் செவேலென்று பழுத்து உதிர்கிற இலை அதில்தான் சுலபமாகக் கிடைக்கும்.

மழை அளக்கிற விளையாட்டு ஒன்று சொல்கிறேன். இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். அடி தட்டையாக, பக்கங்கள் நேராக இருக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பா வேண்டும். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் சரிப்படாது, மேலே அகன்று கீழே குறுகி இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆகாது, கழுத்து குறுகல். டப்பா சின்னதோ பெரியதோ கவலையில்லை, பக்கம் நேராக இருந்தால் ஒரே மழைக்கு எல்லாவற்றிலும் ஒரே உயரம்தான் தண்ணீர் நிற்கும். மரத்தடி, கூரைத் தாழ்வாரம் இல்லாத இடமாகப் பார்த்து, மாடியில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே வையுங்கள். காலையில் எட்டரை மணிக்கு எடுத்து ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். வானிலை ஆய்வு மையமும் காலை எட்டரைக்கு முடிகிற 24 மணி நேரத்தைத்தான் ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறது. பள்ளி இருக்கிற நாளில் எட்டரைக்கு முன்பே வேன் வந்துவிடும். அன்றைக்கு முன்கூட்டியே அளக்கலாம், வானிலை மையம் கோபித்துக்கொள்ளாது.

அளந்ததை எழுதத் தெரியாத பிள்ளை, காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டு வரையட்டும். டிவியில் "கடலூரில் 8 சென்டிமீட்டர்" என்று சொன்னால் ஓடிப்போய் எட்டுச் சொட்டு இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பான். நம் டப்பாவில் ஆறுதான் இருக்கும் சில நாள், ஒரே ஊரிலும் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை என்று அப்போது சொல்லலாம். அளந்து முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், தேங்கினால் கொசு முட்டையிடும். கொட்டுவதும் பிள்ளையின் வேலைதான், அதில்தான் ஆசையே.

நான் வேலை பார்த்த குடியிருப்பில் பிள்ளைகளுக்கு எண் தெரிந்ததே புயல் கூண்டு வழியாக. கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டா, மூன்றாம் எண்ணா என்று வீட்டில் பேச்சு ஓடும். எண்கள் பதினொன்று வரை உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அதன் பிறகு எண் கூடினால் ஆபத்தும் கூடும் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பிள்ளையைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. மழை பலமாக இருக்கும் இரவில் டார்ச் எங்கே, மெழுகுவர்த்தி எங்கே என்று பிள்ளையையே எடுத்துவரச் சொன்னால் பயம் பாதி குறையும்.

எண்ணுவதற்கு வருவோம். ஐம்பது வரை கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளைக்கு எண்ணத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். அது பாட்டு மாதிரி மனப்பாடம். ஏழு கடலையைப் பரப்பி வைத்து எண்ணச் சொல்லுங்கள். விரல் ஒரு கடலையைத் தொடும்போது வாய் இரண்டு எண் சொல்கிறதா என்று பாருங்கள். சரியாக எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அதற்கடுத்த படி, "எனக்கு ஐந்து கடலை எடுத்துக் கொடு" என்பது. எண்ணுவதைவிட இது கஷ்டம், எங்கே நிறுத்த வேண்டும் என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமே. இதெல்லாம் பத்துக்குள் வந்துவிட்டால் ஐம்பது தானாக வரும். பத்துக்குள் வராமல் நூறு வரை எழுதினாலும் பிரயோஜனம் இல்லை.

இந்த மாதங்களில் எண்ணுவதற்குச் சாமான் தேட வேண்டியதே இல்லை. கார்த்திகைக்கு அகல் வாங்கினால் ஒரு விளக்குக்கு ஒரு திரி என்று போடச் சொல்லுங்கள். திரி மிஞ்சுகிறதா, விளக்கு மிஞ்சுகிறதா? ஒன்றுக்கு ஒன்று என்பது இதுதான். ஏற்றுவது மட்டும் பெரியவர்கள். பல்லாங்குழிப் பலகை பரணில் இருந்தால் இறக்குங்கள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஆட்டம் முழுக்கத் தெரிய வேண்டாம், குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதுதான் இந்த வயதுக்குக் கணக்கு. ஒரு வயது, இரண்டு வயதுத் தம்பி தங்கை வீட்டில் இருந்தால் கொட்டையை எண்ணித்தான் எடுத்து வைக்க வேண்டும். மூக்கில் போட்டுக்கொள்ளும்.

பள்ளியிலிருந்து வந்த பிள்ளையிடம் "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒன்னும் இல்ல" என்றுதான் வரும். அது பொய் இல்லை, அவ்வளவு பெரிய கேள்விக்கு அந்த வயதில் பதில் இல்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், யார் அழுதார்கள், டிபன் பாக்ஸில் யாருக்கு என்ன, புது ரைம்ஸுக்கு ஆக்‌ஷன் எப்படி என்று கேளுங்கள். என் பேரன் யார் அழுதார்கள் என்பதிலிருந்துதான் தொடங்குவான், "ஆயா, இன்னைக்கு அவன் வேன்லயே அழுதான்" என்று. அங்கிருந்து அன்றைய பாடம் முழுக்க வந்துவிடும்.

வீட்டில் ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று சில பள்ளிகள் சொல்லி அனுப்புகின்றன. நான் சம்மதிக்க மாட்டேன். நன்றாக வருகிற மொழியில் பேசினால்தான் பிள்ளைக்கு ஏன், எப்படி, அப்புறம் என்ன என்ற நீண்ட பேச்சு கிடைக்கும். 'கம் ஹியர், சிட் ஹியர், ஈட் ஃபாஸ்ட்' என்பதோடு முடிகிற ஆங்கிலத்தில் எந்தக் கதையும் நடக்காது. தேசியக் கல்விக் கொள்கை 2020கூட, முடிந்த இடங்களில் எல்லாம் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியிலோ தாய்மொழியிலோ கற்பிக்கச் சொல்கிறது. அந்தக் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லாதவை இருக்கின்றன, இதில் மட்டும் சரி.

மாறுவேடப் போட்டிக்கு வாடகை உடை எடுத்து, மேக்கப் போட்டு, இரண்டு பக்க வசனம் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். நேரு வேடத்தில் எப்படியும் ஏழெட்டுப் பேர் வருவார்கள். பிள்ளை தினமும் பார்க்கிற ஒருவராகப் போகட்டும். ஒரு தலைக்கூடையும் கையில் ஒரு அட்டை மீனும் இருந்தால் மீன்காரம்மா தயார். வசனமும் தெரிந்ததுதான். 'நமக்கு உதவுகிறவர்கள்' பாடமும் இதோடு முடிந்தது.

இன்னொன்று, இந்தப் பருவத்துக்கு ரொம்ப முக்கியம். சளி விடாமல் பிடித்தால் காதுக்குள் நீர் கோத்துக்கொள்ளும், வலி இல்லாமலேகூட. அந்த வாரங்களில் பிள்ளைக்குக் கேட்பது மந்தமாகிவிடும். வகுப்பில் "கவனிப்பதே இல்லை" என்று டைரியில் எழுதி வரும். பின்னாலிருந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டுகிறது, 'ட'வும் 'த'வும் குழம்புகிறது என்றால், டியூஷன் வைப்பதற்கு முன்னால் காது மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள்.

கலெக்டர் விடுமுறை அறிவித்த நாளில் குழுவில் பத்துப் பக்கம் ஒர்க்‌ஷீட் வந்து விழும். பிரின்ட் எடுக்க அந்த மழையில் ஜெராக்ஸ் கடை தேட வேண்டாம். ஒன்றிரண்டைச் சிலேட்டில் போட வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், பத்து நிமிடம் போதும். இதற்காகக் கோபப்பட்ட டீச்சரை நான் இதுவரை பார்க்கவில்லை, அவர்களுக்கும் வீட்டில் ஒழுகுகிற கூரை இருக்கும்.

அரையாண்டுக்கு முன்னால் பெற்றோர் கூட்டம் வைப்பார்கள். அங்கே போய் "எத்தனை எழுத்து தெரியும், எத்தனை மார்க்" என்று கேட்காதீர்கள், அது ரிப்போர்ட் கார்டில் வந்துவிடும். பையைத் தானே திறந்து மூடுகிறானா, பாத்ரூம் போக வேண்டுமென்று கேட்கிறானா, கதை சொல்லும்போது கடைசி வரை உட்கார்கிறானா, யாரோடு விளையாடுகிறான், பொம்மையைப் பிடுங்கினால் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். டீச்சருக்கும் அதைச் சொல்லத்தான் பிடிக்கும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், ஐந்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.